முதுகில் ஊசி, நரம்பில் சூடு: நாள்பட்ட வலி சிகிச்சைகள் பற்றிச் சென்னையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் சென்னை கே.கே. நகரில் பிசியோதெரபிஸ்ட். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்களே என்று பயந்துபோய் வருபவர்களும், ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து "திரும்ப வலிக்குதே" என்று வருபவர்களும் எங்கள் அறை வாசலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி போடுவது என் வேலை இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்த முதுகையும் முழங்காலையும் தொட்டுப் பார்ப்பது நான்தான். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். டாக்டரிடம் போவதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். அங்கே கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது.

எத்தனை நாள் வலித்தால் அது நாள்பட்ட வலி?

மூன்று மாதத்தைத் தாண்டினால். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாள்பட்ட வலிக்கென்று முறையான தனிப் பிரிவு அதில் இருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பும் தண்டுவடமும் மூளையும் வலியை உணர்ந்துகொண்டே இருக்கலாம். அந்த வலி பொய் இல்லை.

ஆபரேஷன் இல்லாத வலி சிகிச்சை என்கிறார்களே, அது என்ன?

உடம்பைத் திறக்காமல், ஊசி வழியாக வலி கிளம்பும் இடத்துக்கே மருந்தையோ சூட்டையோ கொண்டுபோவது. சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியிலோ அல்ட்ராசவுண்டிலோ ஊசிமுனை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். என்னிடம் வருபவர்கள் அதிகம் செய்துகொண்டு வருபவை மூன்று: முதுகில் போடும் எபிடூரல் ஊசி, ரேடியோ அலையால் சின்ன நரம்புகளைச் சுடுவது, முழங்கால் ஊசி. பெரும்பாலும் காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

முதுகு ஆபரேஷன் செய்தும் கால் நரம்பு வலி போகாத சிலருக்குத் தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய மின்கம்பி வைக்கும் முறையும் உண்டு. 1967-ல் அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் நார்மன் ஷீலி இதை முதலில் செய்தார். சில நாள் சோதனையாக வைத்துப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் கருவியை உள்ளே பொருத்துவார்கள். செலவு மிக அதிகம், ரொம்பச் சிலருக்கே பொருந்தும்.

எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு விலகியிருக்கிறது என்று வந்துவிட்டது. ஊசி போட்டே ஆக வேண்டுமா?

இல்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, தேய்ந்திருந்தது. 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தலை நரைப்பது போல முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ரிப்போர்ட்டைப் படித்த நாளிலிருந்து குனியவே இல்லை. ஷூ லேஸ் கட்டக்கூட அம்மாவைக் கூப்பிட்டான். அவனுக்கு வலி வலது காலில். படத்தில் பிதுக்கம் இடது பக்கம். அந்தப் படம் அவன் வலிக்குக் காரணம் சொல்லவே இல்லை. வலி இருக்கும் இடம், மரத்துப்போன விரல், பலம் குறைந்த தசை, படம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் வலி எங்கேயிருந்து கிளம்புதுன்னு நினைக்கிறீங்க டாக்டர், எதை வெச்சு?" இதற்குத் தெளிவான பதில் வந்தால்தான் ஊசியைப் பற்றிப் பேச்சே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலி பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு.

காத்திருக்கவே கூடாத வலி எது?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் ராத்திரி விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது இவையும் சாதாரணமல்ல. நம் ஊரில் முதுகெலும்பு காசநோயை மறக்கவே கூடாது. உள்ளே கிருமி இருக்கும்போது, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டால் நோய் பரவலாம்.

எபிடூரல் ஊசி போடும்போது என்ன நடக்கும்? ரொம்ப வலிக்குமா?

குப்புறப் படுக்க வைத்து, முதுகைச் சுத்தம் செய்து, முதலில் மரக்கும் ஊசி போடுவார்கள். அது எறும்பு கடித்தது போலச் சுள்ளென்று இருக்கும். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை, தண்டுவடத்தின் உறைக்கு வெளியே இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். சாயம் செலுத்தி, அது சரியாகப் பரவுகிறதா, ரத்தக்குழாய்க்குள் போகவில்லையே என்று பார்த்த பின்தான் மரக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் போகும். மருந்து இறங்கும்போது உங்கள் பழைய வலி அதே காலில் ஒரு கணம் எட்டிப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

அன்று கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம். தயவுசெய்து பைக்கில் தனியாக வராதீர்கள், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம். மறுநாளே "ஒண்ணும் ஆகலையே" என்று அழ வேண்டாம். கிடைக்கும் நிம்மதி சில வாரம் முதல் சில மாதம் வரை.

பாதகங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். முகம் சிவந்து சூடாவது, ஓரிரு ராத்திரி தூக்கம் கெடுவது சாதாரணம். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதும் படுத்தால் குறைவதும், உறையில் ஊசி பட்டதற்கான அடையாளம். உடனே போன் செய்யுங்கள். நரம்பு பாதிப்பு, பக்கவாதம் போன்றவை மிக அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் இதுபற்றி எச்சரித்தது. கழுத்துப் பகுதியில் ஆபத்து கூடுதல் என்பதால் அங்கே துகள் இல்லாமல் முழுக்கக் கரைந்திருக்கும் ஸ்டீராய்டையே பல டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். சுத்தமும் முக்கியம். 2012-ல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்துக் குப்பியை உங்களுக்கென்று புதிதாகப் பிரிக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூன்று ஊசி சேர்த்து பேக்கேஜ் என்கிறார்கள். மூன்றும் போடணுமா?

முதல் ஊசிக்கு என்ன பலன் என்று பார்த்துத்தான் இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலிலேயே மூன்றுக்கும் பணம் கட்டச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் ஊசி போட்டு நான்கு வாரமாகியும் துளிகூட மாற்றம் இல்லாத ஓர் அக்காவுக்கு, பணம் கட்டியாயிற்றே என்பதற்காக இரண்டாவதும் போட்டு அனுப்பினார்கள். அவர் வலி இடுப்பு மூட்டிலிருந்து வந்தது, முதுகிலிருந்து அல்ல.

எனக்கு சுகர் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

சென்னையில் இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. போடலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போனதும் சர்க்கரை ஏறும். சிலருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். இன்சுலின் போடுபவர்களுக்கு ஏற்றம் கூடுதலாக இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து அந்த வாரம் தினமும் பாருங்கள். எவ்வளவு ஏறினால் மருந்தை மாற்றுவது என்று உங்கள் சுகர் டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்குள் இல்லை என்றால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். கிருமித்தொற்று பயம்தான் காரணம்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால், காலை சுகர் மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று முந்தின நாளே கேளுங்கள். ஒரு பெரியவர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, முறை வருவதற்குள் வேர்த்து விறுவிறுத்து மயங்கிவிட்டார். இதெல்லாம் ஒரு போன் காலில் தவிர்க்கக்கூடியது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்?

முதுகெலும்புக்குள் ரத்தம் கசிந்தால் நரம்பு நசுங்கும் என்பதால் குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகே நிறுத்துங்கள்.

"நரம்பைச் சுட்டுட்டா கால் விளங்காமப் போயிடுமா?"

நியாயமான பயம். சுடுவது காலை அசைக்கும் பெரிய நரம்பை அல்ல. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன மூட்டுகளிலிருந்து வலியை எடுத்துச் செல்லும் நூல் போன்ற கிளை நரம்புகளைத்தான்.

நேராகச் சுட மாட்டார்கள். முதலில் அந்த நரம்பில் மரக்கும் மருந்தை மட்டும் போட்டுச் சோதிப்பார்கள். அடுத்த சில மணி நேரம் வலி பெருமளவு மறைந்தால் ஆள் சிக்கினான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் படுத்துத் தூங்காதீர்கள். வழக்கமாக எது வலியைக் கிளப்புமோ அதைச் செய்து பாருங்கள்: நில்லுங்கள், திரும்புங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். மணி போட்டு எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் எம்.ஆர்.ஐ.யைவிட உதவும்.

சுடும் நாளில், ஊசி வைத்ததும் சிறு மின்சாரம் கொடுத்துக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளினால் ஊசியை நகர்த்துவார்கள். பிறகு சுமார் 80 டிகிரி சூடு, ஒன்று ஒன்றரை நிமிடம். முதல் வாரம் இரண்டாம் வாரம் வரை அந்த இடம் கன்றிப்போனது போல எரிச்சலாக இருக்கலாம். பலன் கிடைத்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி திரும்பக்கூடும். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

இந்த ஊசிகளால் பலனே இல்லை என்று ஆராய்ச்சி சொல்கிறதாமே?

மறைக்காமல் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. மூன்று மாதம் தாண்டிய, புற்றுநோய் சாராத முதுகு, கழுத்து வலிக்கு எபிடூரல் ஊசி, முதுகெலும்பு மூட்டில் போடும் ஊசி, ரேடியோ அலை எல்லாமே வேண்டாம் என்று அது அழுத்தமாகப் பரிந்துரைத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி ஊசி போட்டவர்களுக்கும் உண்மை ஊசி போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் கண்டது. வலி சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள் இதை மறுத்தன. சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். எந்தச் சிகிச்சை தகும் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் நடுவழியில் நின்றது: காலுக்கு இறங்காத வெறும் கீழ்முதுகு வலிக்கு ஊசி வேண்டாம், புதிதாக வந்த கடும் சயாட்டிகாவுக்கு (காலுக்கு இறங்கும் நரம்பு வலி) எபிடூரலை யோசிக்கலாம், சோதனை ஊசியில் தேறியவர்களுக்கு ரேடியோ அலையை யோசிக்கலாம். நெதர்லாந்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு ரேடியோ அலையும் பெற்றவர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை.

என் கருத்து இது. கால் வலியால் ராத்திரி தூங்காமல், எங்கள் கட்டிலில் மல்லாந்து படுக்கக்கூட முடியாமல் வருபவருக்கு எபிடூரல் உதவும். அந்தச் சில வாரத்தில் அவரை எழுப்பி நடக்கவைத்துவிட முடியும். பத்து வருடமாக முதுகு முழுக்க வலி, விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, தூக்கம் இல்லை, வீட்டுக் கவலை என்று வருபவருக்கு ஊசியை நான் சிபாரிசு செய்வதில்லை. பணம் போகும், நம்பிக்கையும் போகும்.

முழங்கால் தேய்ந்துவிட்டது. ஊசியில் சமாளிக்கலாமா?

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு சில வாரம் ஆறுதல் தரும். பேத்தி கல்யாணத்துக்கு நிற்க வேண்டும் என்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வழக்கமாக்காதீர்கள். இரண்டு வருடம் அப்படிப் போட்டுப் பார்த்து 2017-ல் வெளியான ஆய்வில் வலி கூடுதலாகக் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

முழங்காலைச் சுற்றி மூன்று இடத்தில் நரம்பைச் சுடும் முறை 2011-ல் கொரிய ஆய்வு ஒன்றுக்குப் பிறகு பரவியது. மூட்டு மாற்று அறுவைக்கு இதயமோ வயதோ இடம் தராதவர்களுக்கு இதை ஒரு நல்ல வழியாகப் பார்க்கிறேன். தொடைத் தசையைப் பலப்படுத்துவதும், உடம்பு கனம் குறைவதும், தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்குவதை மேடைக்கு மாற்றுவதும், வெஸ்டர்ன் டாய்லெட்டும் இதோடு சேர வேண்டும்.

பி.ஆர்.பி., ஸ்டெம் செல்?

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைத் திரட்டிப் போடுவது. ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஜவ்வு புதிதாக முளைக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். மூட்டு வலிக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் ஆய்வுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல் தேய்க்கும்போது கன்னத்தில் கரண்ட் அடிப்பது போல வலி. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கியும் போகவில்லை.

முக நரம்பு வலியாக இருக்கலாம். முதல் மருந்து கார்பமாசெபைன். அது கேட்காதபோது, கன்னம் வழியாக மண்டையோட்டின் அடியில் இருக்கும் துளைக்குள் ஊசி செலுத்தி அந்த நரம்பு முடிச்சைச் சுடவோ, சிறு பலூனால் அழுத்தவோ செய்வார்கள். வலி பலருக்கு உடனே நிற்கும், பதிலுக்குக் கன்னம் கொஞ்சம் மரத்திருக்கும். தகுந்தவர்களுக்கு நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கும் அறுவையும் உண்டு. இன்னொரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

அக்கி வந்து ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

அக்கிக்குக் காவி எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் வைரஸ் மாத்திரையும் வாங்கிவிடுங்கள். அக்கிக்கான தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, 50 வயது தாண்டியவர்கள் கேட்டுப் பாருங்கள். புடவை உரசினாலே எரியும் நிலை வந்துவிட்டால் முதலில் நரம்பு வலி மாத்திரை, மரக்கும் பட்டை. அதற்கும் அடங்காதபோதுதான் நரம்பு ஊசி.

புற்றுநோய் வலிக்கும் இப்படி ஊசி உண்டா?

உண்டு, இங்கே நான் தயங்கவே மாட்டேன். கணையப் புற்றுநோயில் முதுகுவரை குடையும் வலிக்கு, வயிற்றின் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்துவார்கள். மார்ஃபின் என்ற வலி மாத்திரையும் நல்ல மருந்துதான். டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் தேவையில்லை. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தமே நோயாளிகளுக்கு அது சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி ஆதரவுச் சிகிச்சையும் பிசியோவும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சென்னையில் யாரிடம் போவது? செலவு?

இந்த ஊசிகளைப் போடுபவர்கள் பெரும்பாலும் மயக்கவியல் படித்து, அதன்மேல் வலி மருத்துவத்தில் பயிற்சி எடுத்தவர்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கையில் காசு குறைவு என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் எலும்பு மூட்டு அல்லது நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் காட்டி, மயக்கவியல் துறையின் வலி சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாரில் தியேட்டர், ஊசி, மருந்து, டாக்டர் கட்டணம் எல்லாம் பிரித்து எழுதி வாங்குங்கள். காப்பீடு இருந்தால் ஒரு நாள் சிகிச்சைக்குப் பணம் வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது.

ஊசி போட்டு வலி போய்விட்டது. இனி பிசியோ எதற்கு?

என் மனசுக்கு மிக நெருக்கமான கேள்வி இது. ஊசி வேலை செய்யும் அந்த ஆறு எட்டு வாரம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம். மாதக்கணக்கில் வலிக்குப் பயந்து அசையாமல் இருந்ததில் முதுகுத் தசையும் பிட்டத் தசையும் வற்றியிருக்கும். வலி இல்லாத நாளில் அதை மீட்காவிட்டால், மருந்து தீர்ந்ததும் பழைய இடத்துக்கே வருவீர்கள். ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன் இரண்டு முறை ஊசி போட்டு இரண்டு முறையும் மறுநாளே வண்டி எடுத்தார். மூன்றாவது முறை போடாமல் என்னிடம் வந்தார். மூன்று மாதம் பயிற்சி, சவாரிக்கு நடுவே மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்பது, சீட்டில் முதுகுக்கு ஒரு மடித்த துண்டு. இப்போதும் வலிக்கிறது, ஆனால் ஓட்டுகிறார்.

இரண்டு நாள் ஓய்வு போதும். மூன்றாம் நாள் பத்து நிமிடம் நடங்கள். நம் பிளாட்பாரங்களை நம்ப முடியாது. மொட்டை மாடி, பார்க், கடற்கரைச் சாலை நல்லது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் கூட்டுங்கள். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட் வேண்டாம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல், இரண்டு சின்னக் குடமாக இரண்டு கையில் பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் வீட்டு வேலை முழுவதையும் ஒரேயடியாக இழுத்துப்போட்டுச் செய்யாதீர்கள். அம்மாக்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது.

வலி மாத்திரையை உடனே விட்டுவிடலாமா?

கிட்னியைக் கெடுக்கும் டைக்ளோஃபெனாக் வகையையும், மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட்" என்று பேப்பரில் மடித்துக் கொடுப்பதையும் இன்றே விடலாம். அந்தச் செட்டில் ஸ்டீராய்டும் இருக்கக்கூடும் என்பதால், பல மாதமாகத் தினமும் சாப்பிட்டிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பிரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளையும், டிரமடால் என்ற வலி மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவற்றை வாரத்துக்குக் கொஞ்சமாக எப்படிக் குறைப்பது என்று, ஊசி போட்ட டாக்டரிடமே தேதி போட்டு எழுதி வாங்கி வாருங்கள்.